கடைசி எபிசோட் திருப்தியா முடிஞ்ச சீரிஸ்னு ஒண்ணு உண்டா? (ஸ்பாய்லர் உண்டு)

பாதிக்கதை | இரவு 11:40

நேத்து ராத்திரி ‘லாஸ்ட்’ முடிச்சேன். விமானம் விழுந்து ஒரு மர்மத் தீவுல மாட்டிக்கிட்டவங்க கதை. ஆறு சீசன், நாலு மாசம். 2010-லயே முடிஞ்சுபோனதை இப்பப் பார்த்துட்டுப் புலம்புறியான்னு கேட்காதீங்க, நான் எப்பவுமே லேட்டுதான்.

முதல் சீசன்லேர்ந்தே ஒரு நோட்டு போட்டு வச்சிருந்தேன். தீவுல பனிக்கரடி எப்படி வந்துச்சு, அந்தக் கறுப்புப் புகை என்ன, 4, 8, 15, 16, 23, 42 இந்த எண்கள் ஏன் திரும்பத் திரும்ப வருது, இப்படி மொத்தம் 41 கேள்வி. பதில் கிடைச்சா டிக். கடைசி எபிசோட் ஆரம்பிக்கும்போது 19 டிக் இருந்துச்சு. மீதியெல்லாம் இன்னைக்குத் தீர்ந்துரும்னு பேனா மூடியைக் கழட்டி வச்சுக்கிட்டே உட்கார்ந்தேன்.

ஒரு டிக்கூடப் போடல. ஆனா மூங்கில் காட்டுல ஹீரோ ஜாக் விழுந்து கிடக்கிறப்ப அந்த நாய் வந்து பக்கத்துல படுக்குது பாருங்க, அங்க உடைஞ்சுட்டேன். முதல் எபிசோட்ல கண் திறக்கிற அதே இடத்துல கடைசியில கண் மூடுது. நல்லா அழுதேன். மூஞ்சி கழுவிட்டு வந்து நோட்டைப் பார்த்ததும்தான் கோபம் வந்துச்சு. 22 கேள்வி அம்போன்னு நிக்குது.

எங்க அண்ணன் வேற, “எல்லாரும் முதல் எபிசோட்லயே செத்துட்டாங்க, அதான் கதை”ன்னு பத்து வருஷமா சொல்லிக்கிட்டு திரியுறான். அப்படி இல்லவே இல்ல. கடைசி சீன்ல ஜாக்கோட அப்பா வாயாலயே சொல்றாரு, நடந்ததெல்லாம் நிஜம்னு. கிரெடிட்ஸ் ஓடும்போது ஆளில்லாத கடற்கரையில விமான உடைசல் காட்டுனாங்கள்ல, அது சேனல் தானா சேர்த்தது. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் குழம்பிப் போனாங்க.

என் கேள்வி இதுதான். இது அந்த ஒரு சீரிஸோட கோளாறா, இல்ல சீரிஸ்ங்கிற வடிவத்துக்கே ஒழுங்கா முடிக்கத் தெரியாதா?

---

எட்டாம்சீசன் | இரவு 11:52

என் பேரைப் பார்த்தீங்கல்ல? புண்ணைக் கிளறாதீங்க.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’, 2011 முதல் 2019 வரைக்கும் 73 எபிசோட். முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து. ஏழாவது 7, எட்டாவது 6. இத்தனைக்கும் எச்பிஓ சேனல் இன்னும் சீசன் தரத் தயாராத்தான் இருந்துச்சு. எடுத்தவங்கதான் போதும்னுட்டாங்க.

டிராகன் ராணி டெனேரிஸ் கடைசியில ஊரை எரிச்சது எனக்குப் பிரச்சினையே இல்ல. அவ அப்படிப்பட்டவதான்னு ரெண்டாவது சீசன்லேர்ந்தே விதை போட்டு வச்சிருக்காங்க. ஆனா விதைக்கும் மரத்துக்கும் நடுவுல கொஞ்சம் காலம் வேணும்ல? முதல் சீசன்ல ராஜா பரிவாரம் வடக்கேயிருந்து தலைநகரம் போய்ச் சேர வாரக்கணக்கு ஆகும். அந்த வழியில நடக்கிறதுதான் கதையே. ஏழாவது சீசன்ல வடக்கு எல்லைச் சுவருக்கு அந்தாண்ட மாட்டிக்கிட்டவனுக்கு, காக்கா பறந்து தகவல் போய், டிராகன் வந்து இறங்கிருச்சு. டெலிவரி ஆப் தோத்துச்சு.

திரும்ப எடுங்கன்னு 15 லட்சம் பேருக்கு மேல மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. அதே சீசனுக்கு அந்த வருஷம் சிறந்த டிராமா எம்மி விருது. போங்கய்யா.

---

மௌனவாசகி | இரவு 12:20

பாதிக்கதை, உங்கள் கேள்விக்கு என் பதில்: பாதிக் குற்றம் வடிவத்தினுடையதுதான்.

நாவல் எழுதுகிறவருக்கு முடிக்கும் நாள் அவர் கையில் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் அப்படியல்ல. ஓடுகிற குதிரையை யாரும் கட்டிப்போட மாட்டார்கள், ஓடாத குதிரைக்கு யாரும் கொள்ளு வைக்க மாட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் தொடர்கள் முடிந்ததே இல்லை. நின்றன, அவ்வளவுதான். எந்த எபிசோடை எந்த நாள் போட்டாலும் புரிய வேண்டும், அப்போதுதான் மறுஒளிபரப்புக்கு விலைபோகும். முடிவு தெரிந்துவிட்டால் பழசை யார் பார்ப்பார்கள் என்ற பயம் வேறு.

அந்தப் பயத்தை உடைத்தது ‘தி ஃப்யூஜிடிவ்’. செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்ற ஒரு மருத்துவர், தப்பி ஓடிக்கொண்டே நான்கு சீசன் முழுக்க ஓர் ஒற்றைக் கையனைத் தேடுகிறார். 1967 ஆகஸ்ட் 29 அன்று கடைசி எபிசோட். அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் 72 சதவீதம் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. ஜனங்களுக்கு முடிவு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தொலைக்காட்சிக்காரர்களுக்குப் புரிந்தது.

அடுத்தது ‘மேஷ்’, போர்முனை ராணுவ மருத்துவமனை டாக்டர்களின் கதை. கொரியப் போர் நடந்தது மூன்று ஆண்டு, தொடர் ஓடியது பதினொரு சீசன். 1983 பிப்ரவரி 28 இரவு இரண்டரை மணி நேரம் முடித்தார்கள், பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் மேலே எழும்ப, கீழே மண்ணில் வெள்ளைக் கற்களை அடுக்கி ‘குட்பை’ என்று எழுதியிருக்கும். அது ஏன் உறுத்தவில்லை? அந்த டாக்டர்களுக்கு முதல் எபிசோடிலிருந்தே ஒரே ஆசை, வீட்டுக்குப் போகணும். போர் முடிந்தது, போகிறார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே எழுத்தாளர்களுக்கு இல்லை.

‘லாஸ்ட்’ எபிசோடுக்கு எபிசோட் புதுக் கேள்வி போட்டு வளர்ந்த தொடர். 41 கேள்விக்கு ஒரே ராத்திரியில் பதில் சொன்னால் அது கதையாக இருக்காது, விடைத்தாளாக இருக்கும்.

---

இழைக்காவலர் | இரவு 12:31

தலைப்புலயே ஸ்பாய்லர்னு சேர்த்துட்டேன். இனிமே ‘ஐயோ சொல்லிட்டாங்களே’ன்னு எனக்குத் தனி மெசேஜ் போடாதீங்க.

---

ரிமோட்ராணி | இரவு 12:48

‘சோப்ரானோஸ்’ பத்தி இன்னும் யாரும் வாயைத் திறக்கலையே, ஆச்சரியமா இருக்கு.

நான் லேப்டாப்ல பார்த்தேன். மாஃபியா தலைவன் டோனி ரெஸ்டாரன்ட்ல உட்கார்ந்திருக்கான், பாட்டு ஓடுது, பொண்டாட்டி வர்றா, பையன் வர்றான், பொண்ணு வெளியில காரை பார்க் பண்ண முடியாம திண்டாடுறா. ஒருத்தன் எழுந்து பாத்ரூம் போறான். கதவு மணி சத்தம், டோனி நிமிர்ந்து பார்க்கிறான், டப்புனு கறுப்பு. சத்தமும் இல்ல. எனக்கு என்ன தோணும்? சார்ஜ் தீர்ந்துருச்சுன்னு ஒயரைத் தேடுனேன். கட்டிலுக்கு அடியில தலையை விட்டுத் தேடிட்டு இருக்கும்போது மேல கிரெடிட்ஸ் ஓடுது.

2007 ஜூன்ல லைவா பார்த்தவங்க எல்லாரும் கேபிள் கட் ஆயிருச்சுன்னு நினைச்சாங்களாம். எனக்கு அன்னைக்குக் கொலவெறி. ஆனா சொல்றேன், இந்த லிஸ்ட்ல எனக்கு ஒவ்வொரு ஷாட்டா ஞாபகம் இருக்கிற ஒரே முடிவு அதுதான்.

---

எட்டாம்சீசன் | இரவு 12:55

ஞாபகம் இருக்கிறது வேற, திருப்தி வேற. எனக்குப் பல்லு பிடுங்கினதும்தான் ஞாபகம் இருக்கு.

---

வசனக்காரன் | இரவு 1:15

வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, எழுதுறதில்ல. இன்னைக்குக் கை அரிக்குது.

நீங்க பேசுறதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம். முடிவு எழுத அவங்களுக்கு ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கிடைக்குது. நான் ஒரு மெகா சீரியலுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல வசனம் எழுதுனவன். சேனல் பேர், சீரியல் பேர் வேண்டாம், இன்னும் பொழைக்கணும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன். “டிஆர்பி இறங்கிருச்சு, ஸ்லாட்டை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கங்க.” நான் கேட்டேன், எந்த வெள்ளி சார்? “இந்த வெள்ளி.”

கையில ரெண்டு எபிசோட் பேங்க் இருந்துச்சு, அதாவது முன்கூட்டியே எடுத்து வச்சது. அதைப் போட முடியாது, ஏன்னா அதுலதான் புதுசா ஒரு வில்லனை இறக்கியிருந்தோம். தூக்கிப் போட்டோம். பழைய வில்லனுக்குக் கால்ஷீட் இல்ல. அதனால அவன் திருந்திட்ட விஷயத்தை வேலைக்காரம்மா போன்ல கேட்டு எல்லாருக்கும் சொல்லுச்சு. பதினாலு மாசமா கோமாவுல கிடந்த மாமனார் ஒரே சீன்ல எழுந்து உட்கார்ந்து ஆசீர்வாதம் பண்ணினார். அவருக்கு எழுதினது நாலு வரி, ஆனா அந்த மனுஷன் பதினாலு மாசம் கழிச்சு வசனம் கிடைச்ச சந்தோஷத்துல அதை ஏழு நிமிஷம் பேசினார். டைரக்டரும் விட்டுட்டார், நிமிஷம் நிரம்பணும்ல. ஹீரோயின் மன்னிச்சா. எல்லாரும் வரிசையா நின்னு சிரிச்சாங்க. சுபம்.

இதுல ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. கடைசித் தங்கச்சி கேரக்டர். அதுக்கு முந்தின வாரம்தான் அண்ணன்கூடச் சண்டை போட்டுட்டுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்புறா. பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறா, ஃப்ரீஸ். அடுத்த வாரம் அவ ட்ராக்தான். அந்தப் பொண்ணும் வேற ஷூட்டிங் போயிருச்சு. சுபம் போட்டப்ப வரிசையில அவ இல்ல. வீட்டுல ஒருத்தரும் அவளைத் தேடவும் இல்ல.

---

ரிமோட்ராணி | இரவு 1:21

சார், சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. வேலைக்காரம்மா போன்ல கேட்டு... ஐயோ.

---

எட்டாம்சீசன் | இரவு 1:26

வசனக்காரன் சார் சொல்றதுலேர்ந்து ஒண்ணு தெளிவா இருக்கு. முடிவு என்னன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு, எப்ப முடியும்னும் தெரிஞ்சு ஆரம்பிச்சா இந்தப் பிரச்சினையே வராது. ‘டார்க்’னு காலப்பயணம் பத்தின ஜெர்மன் சீரிஸை எடுத்துக்கங்க. ஆரம்பத்துலேர்ந்தே மூணு சீசன்னு திட்டம், 26 எபிசோட், 2020-ல முடிச்சுட்டாங்க. அத்தனை முடிச்சும் அவிழ்ந்துச்சு. பாதிக்கதை, நோட்டோட பார்க்க வேண்டியது அதுதான்.

---

தூக்கம்வராதவன் | இரவு 2:05

திட்டம் போட்டா போதும்னா ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ ஏன் அப்படி நாறிப் போச்சு?

டெட்ங்கிற அப்பன், அம்மாவை எப்படிச் சந்திச்சேன்னு பசங்ககிட்ட சொல்ற கதை. அந்த சீரிஸோட கடைசி சீன்ல அவன்கிட்ட பேசுற ரெண்டு பசங்களையும் 2006-லயே படம் பிடிச்சு வச்சுட்டாங்க. பசங்க வளர்ந்துருவாங்களே, அதுக்காக. ‘அம்மா செத்து ஆறு வருஷமாச்சு, போய் ராபின் ஆன்ட்டியைக் கூப்பிடுப்பா’ங்கிறதுதான் அவங்க பேசுறது. ராபின், டெட்டோட பழைய காதலி. புத்திசாலித்தனமான வேலைதான். ஆனா கதை 2014 வரைக்கும் ஓடிருச்சு. நடுவுல டெட் - ராபின் சரிப்பட்டு வராதுன்னு எத்தனை தடவை எழுதிட்டாங்க! ஒன்பதாவது சீசன் முழுக்க ராபினுக்கும் டெட்டோட நண்பன் பார்னிக்கும் கல்யாணம் நடக்கிற ஒரே வாரக்கடைசி. அம்மா கேரக்டரும் வந்து, எல்லாருக்கும் பிடிச்சும் போச்சு. அதுக்கப்புறம் கடைசி ஒரு மணி நேரத்துல அந்தக் கல்யாணம் முறியுது, அம்மா சாகுறா, டெட் முதல் எபிசோட்ல அவளுக்காகத் திருடின அதே நீலக் கொம்பு வாத்தியத்தைத் தூக்கிக்கிட்டு ராபின் ஜன்னலுக்குக் கீழ வந்து நிக்கிறான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி தைச்ச சட்டையை வளர்ந்த பிள்ளைக்கு மாட்டுனா எப்படி இருக்கும்? சத்தம் தாங்காம டிவிடில வேற முடிவு ஒண்ணு போட்டாங்க.

இப்ப ‘பிரேக்கிங் பேட்’ பாருங்க, போதைமருந்து காய்ச்சுற கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்ட் கதை. அஞ்சாவது சீசன் முதல் சீன்ல வால்ட்டுக்கு 52 வயசு, தாடியோட வர்றான், கார் டிக்கியில ஒரு மெஷின் கன். அது எதுக்குன்னு எழுதினவங்களுக்கே அப்பத் தெரியாது! சும்மா கெத்தா இருக்கேன்னு வச்சுட்டு, இதை யாரைச் சுட வைக்கிறதுன்னு அப்புறம் உட்கார்ந்து மண்டையை உடைச்சிருக்காங்க. சீரிஸை உருவாக்கின வின்ஸ் கில்லிகனே ஒத்துக்கிட்ட விஷயம். 2013 செப்டம்பர் 29, 62-வது எபிசோட், கச்சிதமா வந்து உட்கார்ந்துச்சு.

ஆனா அதுல முடிவு மெஷின் கன் இல்ல. பொண்டாட்டிகிட்ட வந்து நின்னு, நான் குடும்பத்துக்காகச் செய்யல, எனக்காகத்தான் செஞ்சேன், எனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு சொல்றான் பாருங்க, அது. முதல் எபிசோட்லேர்ந்து அவன் சொல்லிக்கிட்டு வந்த பொய் அது ஒண்ணுதான். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிட்டு மீதிப் படத்தை வேலைக்காரம்மா போன்ல சொல்லியிருந்தாகூட எனக்குச் சம்மதம்.

---

ரிமோட்ராணி | காலை 7:10

குட் மார்னிங். ‘பிரேக்கிங் பேட்’ முடிவு ரொம்பக் கச்சிதம்ங்க. கடன்காரனுக்கெல்லாம் வட்டியோட செட்டில் பண்ணிட்டுச் செத்த மாதிரி. அதே ஆளுங்க எடுத்த ‘பெட்டர் கால் சால்’ முடிவுதான் எனக்கு. சால்ங்கிற தில்லுமுல்லு வக்கீல் மாட்டிக்கிட்டு, ஏழு வருஷத்துல வெளிய வந்துரலாம்னு அரசு வக்கீலையே மடக்கிப் பேரம் பேசிட்டான். முன்னாள் பொண்டாட்டி கிம் வந்து கோர்ட்டுல உட்கார்ந்திருக்கான்னதும் எழுந்து உண்மையெல்லாம் சொல்லி 86 வருஷம் வாங்குறான். அப்புறம் ஜெயில்ல ரெண்டு பேரும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு ஒரே சிகரெட். படம் கறுப்பு வெள்ளை, அந்தத் தீக்கங்குல மட்டும் கலர். காதல்ங்கிற வார்த்தையை ஒருத்தரும் சொல்லல.

---

ஆறுகாண்டம் | காலை 8:32

என்னைக் கேட்டால், முடிவு என்பது எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான். கம்பன் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டான். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டம் அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தூர்தர்ஷன் ராமாயணமும் 1988-ல் அங்கேதான் நின்றது. ஜனங்கள் விட்டார்களா? லவ குசன் கதையும் வேண்டும் என்று எழுந்த கோரிக்கையில் அதையும் எடுத்து ஒளிபரப்பினார்கள். சுபமாக முடிந்த கதையை, மேலே சொல் என்று நச்சரித்து, சீதை பூமிக்குள் போகும்வரை உட்கார்ந்து பார்த்தது நாம்தான்.

அதனால் எழுத்தாளர்களை மட்டும் திட்டாதீர்கள்.

---

எட்டாம்சீசன் | காலை 8:40

ஐயா, எங்க சீசனை யாரும் நச்சரிச்சு வாங்கல. தானா வந்து விழுந்துச்சு.

---

மௌனவாசகி | காலை 9:15

ஆறுகாண்டம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நிறுத்தும் இடம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ‘பிளாக்ஆடர்’ என்ற பிரிட்டிஷ் தொடர். நான்கு சீசனும் நகைச்சுவை, அதுவும் ஈவிரக்கமில்லாத நையாண்டி. நான்காவது முதல் உலகப் போர்ப் பதுங்குகுழியில் நடக்கிறது. கடைசி எபிசோட் 1989 நவம்பரில் வந்தது. கடைசி நிமிடத்தில் எல்லாரும் குழியைவிட்டு ஏறி ஓடுகிறார்கள். படப்பிடிப்பில் அந்தக் காட்சி சரியாக வரவில்லை, செட் சின்னது. எடிட்டிங் மேசையில் அதை மெதுவாக ஓடவிட்டு, அப்படியே பாப்பிப் பூக்கள் நிறைந்த வயலாகக் கரைத்துவிட்டார்கள். அந்தப் போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னம் அந்தப் பூ. எழுதியவர்கள் திட்டமிட்டது அதுவல்ல. சொதப்பிய ஒரு காட்சியைக் காப்பாற்றப் போய்க் கிடைத்த முடிவு. திட்டம் பெரிதா கைவாகு பெரிதா என்று ராத்திரி நடந்த சண்டைக்கு இது யார் பக்கம் சாட்சி சொல்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

---

தூக்கம்வராதவன் | காலை 9:22

‘சிக்ஸ் ஃபீட் அண்டர்’ மாதிரி எல்லாரையும் கொன்னுட்டா பிரச்சினை தீர்ந்துச்சு. பொண்ணு காரை ஓட்டிக்கிட்டே போறா, ஒவ்வொருத்தரும் எந்த வருஷம் எப்படிச் சாவாங்கன்னு வரிசையா காட்டி முடிச்சுட்டாங்க. 2005. அடுத்த சீசனா? வாய்ப்பே இல்ல.

---

ரிமோட்ராணி | காலை 9:25

வாய்ப்பு இல்லையா? ‘டெக்ஸ்டர்’னு ஒரு சீரிஸ், அதே பேர்ல ஒரு தொடர் கொலைகாரன். 2013 முடிவுல மரம் வெட்டப் போனான். 2021-ல வந்தான், சுட்டுக் கொன்னாங்க. 2025-ல மறுபடி வந்துட்டான்.

---

தூக்கம்வராதவன் | காலை 9:26

வாபஸ்.

---

பாதிக்கதை | மாலை 6:50

ஆபீஸ்ல திருட்டுத்தனமா எல்லாத்தையும் படிச்சேன். வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

வேடிக்கை என்னன்னா, டிக் போட்ட 19 இருக்கே, அதுல பாதிக்கு என்ன பதில்னே எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. பனிக்கரடிக்கு டிக் போட்டிருக்கேன். ஏதோ ஆராய்ச்சிக்காரங்க கூண்டுல வச்சிருந்தாங்கன்னு மங்கலா வருது. ‘தெரிஞ்சுக்கிட்டே ஆகணும்’னு ரெண்டு தடவை அடிக்கோடு போட்டு வச்சிருந்த கேள்வி அது. சொன்னாங்க, டிக் போட்டேன், மறந்துட்டேன்.

டிக் போடாத 22-ல ஒண்ணு ‘வால்ட்டுங்கிற சின்னப் பையன்கிட்ட அப்படி என்ன விசேஷம்?’ பதிலே வரல. அதுக்குக் காரணம், நடிச்ச பையன் மளமளன்னு வளர்ந்துட்டான், தீவுல ரெண்டு மாசம்னா நிஜத்துல ரெண்டு வருஷம். படிச்சதும் சிரிச்சுட்டேன். ஆனா அந்தப் பையன் மட்டும் இன்னும் மனசுல சுத்திக்கிட்டே இருக்கான். டெனேரிஸ் எரிச்சதை ஒத்துக்கிட்டு டிராகன் வேகத்தை மன்னிக்காத எட்டாம்சீசன் அண்ணனுக்கு இது புரியும்னு நினைக்கிறேன்.

மௌனவாசகி மேடம் சொன்ன ‘முதல் எபிசோட்லேர்ந்து ஒரே ஆசை’யை லாஸ்ட்ல தேடிப் பார்த்தேன். ஜாக்குக்கு யாரையாவது காப்பாத்திக்கிட்டே இருக்கணும், சும்மா இருக்கவே தெரியாது. கடைசியில படுத்துட்டான், மத்தவங்க விமானம் மேல போறதைப் பார்க்கிறான், போதும்னு விட்டுடுறான். நான் அழுதது அதுக்குத்தான்போல. ஆனாலும் கோபம் போகலீங்க. எண்களை அத்தனை தடவை காட்டினவங்க கொஞ்சமாவது பொறுப்பா இருந்திருக்கணும்.

வசனக்காரன் சார், ராத்திரிலேர்ந்து கேட்கணும்னு இருக்கேன். அந்தத் தங்கச்சிக்கு என்ன ஆச்சு? நீங்க என்ன எழுதறதா இருந்தீங்க?

---

எட்டாம்சீசன் | மாலை 6:58

புரியுது, புரியுது. எனக்கும் அதேதான் சார், அந்தப் பொண்ணு விஷயம்.

---

வசனக்காரன் | இரவு 10:33

இவ்வளவு வருஷத்துல இதை ஒருத்தர்கூடக் கேட்டதில்ல.

ஒன்லைன்ல, அதாவது கதைச் சுருக்கத்துல இருந்தது இதுதான். பஸ் ஏறுவா, பக்கத்து சீட்டுல பழைய வில்லனோட அக்கா இருப்பா, கடத்தல், பழிவாங்கல், பதினஞ்சு எபிசோட். சேனலுக்கு அதைத்தான் கொடுத்திருந்தோம்.

ஆனா அந்த செவ்வாய்க்கிழமை ராத்திரி எல்லா சீனையும் முடிச்சுட்டு, அவளுக்குன்னு ஒரு சீன் தனியா எழுதினேன். ஒன்றரைப் பக்கம். விடியக்காலை, பஸ் ஸ்டாண்டு. ராத்திரி முழுக்கப் பெட்டி மேலயே உட்கார்ந்திருக்கா. டீக்கடைக்காரர் கடையைத் திறந்துட்டு, எந்த ஊர் பஸ்ஸும்மான்னு கேட்கிறார். அவ இன்னும் முடிவு பண்ணலங்கிறா. அவர் ஒரு டீயைக் கையில கொடுத்துட்டுப் போயிடுறார். அவ்வளவுதான். அவளுக்கு அந்த ஒரு வரிதான் வசனம்.

டைரக்டர் படிச்சுட்டு, நல்லாருக்குய்யா, ஆனா பஸ் ஸ்டாண்டு பர்மிஷனுக்கு நேரமில்லன்னார். அந்தத் தாள் இன்னும் வீட்டுல இருக்கு. பின்னாடி மளிகை லிஸ்ட் எழுதியிருக்கு.